புதுப்பிப்பு: பழுதில்லாத ஃபீடர் டிரிப் ஆனது ஏன்?

நியூட்ரல் (மூன்று ஃபேஸ்களின் பொது முனை) எர்த் செய்யாத, அதாவது தரையோடு இணைக்காத 11 கேவி மின் அமைப்பில், பக்கத்து ஃபீடரில் (மின்சாரம் கொண்டுசெல்லும் தடம்) எர்த் ஃபால்ட், அதாவது ஒரு ஃபேஸ் தரையைத் தொடும் பழுது வந்தால் பழுதே இல்லாத நீளமான கேபிள் ஃபீடரும் டிரிப் ஆகிறது (தானாகத் துண்டிக்கப்படுகிறது) என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது. ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டதும் மற்ற இரண்டுக்கும் தரைக்கும் இடையிலான மின்னழுத்தம் 1.73 மடங்கு வரை ஏறும். அப்போது நல்ல கேபிளும் தன் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் தன்மை) வழியாகத் தரைக்கு மின்னோட்டம் விடும். நீளம் கூடக் கூட அதுவும் கூடும். பழுதைக் கண்டு ஃபீடரைத் துண்டிக்க வைக்கும் ரிலே இந்த மின்னோட்டத்தின் அளவை மட்டும்தான் பார்த்தது, திசையை அல்ல.

ரிலேயின் செட்டிங்கை (எவ்வளவு மின்னோட்டத்தில் டிரிப் செய்ய வேண்டும் என்ற அளவு) ஏற்றச் சொன்னவர்களுக்கு: ஏற்றினால் உண்மையான பழுதும் தப்பிவிடும், இங்கே ஃபால்ட் மின்னோட்டமே அவ்வளவு குறைவு. ஓப்பன் டெல்டா பி.டி.யிலிருந்து (மூன்று ஃபேஸ் மின்னழுத்தங்களின் கூட்டைத் தரும் அளவீட்டு மின்மாற்றி) மின்னழுத்தம் எடுத்து, திசை பார்க்கும் ரிலே போட்டோம். பழுதான ஃபீடரில் இந்த மின்னோட்டம் நல்ல ஃபீடருக்கு எதிர்த்திசை என்பதால் இப்போது அது மட்டுமே டிரிப் ஆகிறது. விட்டுவிட்டு வரும் ஃபால்ட்டில்தான் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம்.