ஜெர்மனியில் படிக்கும் மகள் ஒரு பருவம் பிரான்ஸில்: மருத்துவக் காப்பீடு செல்லுமா?

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் முதுகலை படிக்கும் என் மகள், பரிமாற்றத் திட்டத்தின் கீழ் வரும் செப்டம்பரில் பிரான்ஸின் கிரெனோபிள் நகருக்குச் சென்று, ஒரு பருவம் மட்டும் படித்துவிட்டு மீண்டும் ஜெர்மனிக்கே திரும்புகிறாள். ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு மாதந்தோறும் பணம் கட்டி வருகிறாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு ஆஸ்துமா உண்டு. இங்கே உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் இன்ஹேலர் இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டாள். கிரெனோபிளும் மலை சூழ்ந்த குளிர் ஊர் என்று அறிந்ததிலிருந்து என் மனைவிக்குச் சரியான உறக்கமில்லை. அந்தக் காப்பீடு அங்கே செல்லுமா? ஏற்கெனவே உள்ள நோய் என்று கைவிரித்துவிடுவார்களா? இங்கிருந்தே பெரிய பாலிசி ஒன்றை எடுத்துத் தர வேண்டுமா?

மறுமொழி 1 (குன்னூர்)

வணக்கம் ஐயா. மகள் பொதுக் காப்பீட்டில் இருப்பதால் பெரிய பாலிசி தேவைப்படாது என்பது என் கருத்து. அவரிடம் உள்ள ஜெர்மன் மருத்துவ அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பின்பக்கமே ஐரோப்பியச் சுகாதாரக் காப்பீட்டு அட்டை. பெயர், பிறந்த தேதி, எண்கள் ஆகியவற்றோடு காலாவதி தேதியும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தேதி பிரான்ஸில் இருக்கும் காலம் முழுவதையும் தாண்டுகிறதா என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும். அட்டை தொலைந்துபோனால், அதற்கு ஈடான தற்காலிகச் சான்றிதழைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டுப் பெறலாம்.

தற்காலிகமாகத் தங்கும் காலத்தில் மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் சிகிச்சை அனைத்துக்கும் இந்த அட்டை செல்லும். நாள்பட்ட நோய்களும், ஏற்கெனவே உள்ள நோய்களும் இதில் அடங்கும் என்பதால் ஆஸ்துமாவைக் காட்டி மறுக்க முடியாது. சிகிச்சைக்காகவே திட்டமிட்டு இன்னொரு நாட்டுக்குப் போவதற்குத்தான் இது உதவாது. அதற்கு முன் அனுமதி பெறும் வழி தனியாக இருக்கிறது. கையிருப்புக்கு இன்ஹேலர் வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஜெர்மன் மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு பிரான்ஸிலும் செல்லும். ஆனால் ஒரே மருந்து நாட்டுக்கு நாடு வேறு வணிகப் பெயரில் விற்கப்படலாம் என்பதால், மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

அங்கே பகுதி நேர வேலைக்குச் சேரும் எண்ணம் இருந்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்கட்டும். பொதுவாக, வேலை செய்யும் நாட்டின் காப்பீடே பொருந்தும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

மறுமொழி 2 (உதகை)

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அட்டை இருப்பதால் எல்லாம் இலவசம் என்று பொருளில்லை. அந்நாட்டில் காப்பீடு பெற்றவர்கள் எப்படிச் செலவழிக்கிறார்களோ அப்படியே நம் பிள்ளையும் செலவழிக்க வேண்டும். பிரான்ஸில் மருத்துவரிடம் முழுக் கட்டணத்தையும் முதலில் நாமே கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறுவதுதான் வழக்கம். பொது மருத்துவரின் கட்டணம் 2024 டிசம்பர் முதல் 30 யூரோ. அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு திரும்பி வரும். ரசீதுகளையும் மருத்துவர் தரும் படிவத்தையும் பத்திரமாக வைத்திருப்பது அவசியம். அரசுக் காப்பீட்டுடன் ஒப்பந்தம் உள்ள மருத்துவர்தானா என்று கேட்டுவிட்டு நேரம் வாங்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் இல்லாதவரிடம் போனால் திரும்பி வரும் தொகை மிகச் சொற்பம். அவசரத்துக்கு ஐரோப்பா முழுவதும் 112.

நோயாளியைச் சொந்த நாட்டுக்கு அழைத்துவரும் செலவை இந்த அட்டை ஏற்காது. அதற்கென ஒரு சிறு பயணக் காப்பீடு போதும். அதை ஜெர்மனியிலேயே எடுப்பது நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கிரெனோபிளிலிருந்து ஜெனீவா பக்கம் என்பதால் விடுமுறை நாட்களில் தோழிகளோடு போவதாகச் சொல்கிறாள். அங்கும் இதே அட்டை போதுமா?

மறுமொழி 3 (குன்னூர்)

போதாது ஐயா, இதில் கவனம் வேண்டும். ஐரோப்பியத் தோழிகளின் அட்டை ஸ்விட்சர்லாந்தில் செல்லும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம் பிள்ளைகளின் அட்டை அங்கே செல்லாது. டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளிலும் இதே நிலைதான். அங்கே மருத்துவச் செலவு மிக அதிகம் என்பதால், மேலே நண்பர் சொன்ன சிறு காப்பீட்டை ஸ்விட்சர்லாந்தும் அடங்கும்படி பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். சில பயணக் காப்பீடுகள் ஒவ்வொரு பயணத்துக்கும் நாள் வரம்பு வைத்திருக்கும். கிரெனோபிளில் தங்கும் முழுப் பருவமும் அதற்குள் வருகிறதா என்பதையும் அவர் எழுத்தில் கேட்டுப் பெறட்டும்.