மீத்தேன் குளோரினேற்றம்: சங்கிலி ஏன் உடனே அறுந்துவிடுவதில்லை?

கேள்வி:
மீத்தேன், குளோரின் கலவையில் புற ஊதா ஒளி பட்டால் குளோரின் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. சரி. ஆனால் அந்த இரண்டும் மறுபடி சேர்ந்துகொள்ள ஆற்றல் தடையே கிடையாதே? அப்புறம் எப்படி ஒரே ஒரு ஃபோட்டானால் ஆயிரக்கணக்கான குளோரோமீத்தேன் மூலக்கூறுகள் உருவாகின்றன? இன்னொன்று, குளோரின் அணு நேராகக் கார்பனில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜன் அணுவைத் தள்ளிவிடலாமே?

பதில் 1:
தடை இல்லைதான். ஆனால் சேர வேண்டுமானால் முதலில் சந்திக்க வேண்டும். எந்தக் கணத்திலும் கலவையில் தனி உறுப்புகள் (குளோரின் அணுவைப் போல இணையில்லாத எலக்ட்ரான் கொண்டவை) மிக மிகக் குறைவு. சுற்றியிருப்பதெல்லாம் மீத்தேனும் குளோரினும். ஒரு குளோரின் அணு இன்னொரு தனி உறுப்பைக் காண்பதற்குள் எண்ணற்ற முறை இவற்றின்மேல் மோதிவிடும்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது எலக்ட்ரான் கணக்கு. தனி உறுப்பில் இணையில்லாத எலக்ட்ரான் ஒன்று. மூலக்கூறில் எல்லாம் இணைகள். இரண்டும் வினைபுரிந்தால் மொத்தம் ஒற்றைப்படை. ஆகவே ஒரு தனி உறுப்பு மறுபடி பிறந்தே தீர வேண்டும். ஒரு வினையில் பிறந்த உறுப்பு அடுத்த வினையைத் தொடங்கும் இந்தச் சங்கிலி தொடர்வதற்குக் காரணமே இதுதான்.

இரண்டாவது கேள்விக்குப் பிணைப்பு ஆற்றல்களைப் பாருங்கள். மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 439 கிலோஜூல் தேவை. ஹைட்ரஜன் குளோரைடு உருவானால் 431 திரும்பக் கிடைக்கும். குறைவது 8 மட்டும். நீங்கள் சொல்லும் வழியில் கார்பன்–குளோரின் பிணைப்பு தருவது ஏறக்குறைய 350தான். கிட்டத்தட்ட 90 கிலோஜூல் மேடு ஏற வேண்டும். அதனால் குளோரின் அணு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ள, மெத்தில் உறுப்புதான் (ஒரு ஹைட்ரஜனை இழந்த மீத்தேன்) உருவாகிறது. அது குளோரின் மூலக்கூறைத் தாக்கி, குளோரோமீத்தேனையும் புதிய குளோரின் அணுவையும் தரும்போது 243 செலவாகி 350 வருகிறது. வினைக்கு வெப்பம் தருவது இந்தப் படி.

பதில் 2:
மெத்தில் உறுப்பு உண்மையிலேயே உருவாகிறது என்பதற்கு விளைபொருளில் தென்படும் சிறிதளவு ஈத்தேனே சாட்சி. இரண்டு மெத்தில்கள் சந்தித்துச் சங்கிலி முடிந்த இடம் அது.

கேட்டவர்:
நன்றி, ஒற்றைப்படைக் கணக்கு தெளிவாகிவிட்டது. ஆக்சிஜன் கலந்திருந்தால் வினை மந்தமாவதும் இதனால்தானா?

பதில் 1:
கணக்கு அங்கும் மாறாது, தனி உறுப்புதான் வரும். மெத்தில் உறுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து மெத்தில்பெராக்சி உறுப்பாகிறது. ஆனால் அதற்கு வினைத்திறன் மிகக் குறைவு, சங்கிலியை முன்னே நகர்த்தாது. கலந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் வினை வழக்கமான வேகத்துக்கு வந்துவிடும்.