சாக்லேட்டால் அமிலத்தை அடைத்தவர்: மெக்கைவர் முதல் அத்தியாயம் பார்த்த அனுபவங்கள்

பகிர்வு 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

கையில் கிடைக்கும் பொருள்களையும் அறிவியலையும் கொண்டே ஆபத்துகளைச் சமாளிக்கும் நாயகனின் கதையான மெக்கைவர் தொடரின் முதல் அத்தியாயம் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1985 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. நான் அதை முழுமையாகப் பார்த்தது இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது முதல் பருவத்தின் குறுந்தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான். கேபிள் இணைப்பு வந்த புதிதில் இந்தத் தொடரை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் தொடக்கத்தைப் பார்த்த அந்த மாலையை மட்டும் நான் தனியாக நினைவில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் மகிழ்வேன்.

கதை எளிமையானது. நியூ மெக்சிகோவில் பூமிக்கு அடியில் பல தளங்களாகக் கட்டப்பட்ட ஓர் ஆய்வுக்கூடத்தில் வெடிவிபத்து நேர்கிறது. விஞ்ஞானிகள் உள்ளே சிக்கிக்கொள்கிறார்கள். உடைந்த தொட்டியிலிருந்து கந்தக அமிலம் கசிந்து, ரியோ கிராண்டே ஆற்றை நோக்கி நிலத்தடியில் இறங்கத் தொடங்குகிறது. குறித்த நேரத்துக்குள் கசிவு நிற்காவிட்டால், உள்ளே உயிரோடு இருப்பவர்களையும் பொருட்படுத்தாமல் அந்த இடத்தையே அழித்துவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகிறது. ரிச்சர்ட் டீன் ஆண்டர்சன் நடித்த மெக்கைவர், துப்பாக்கியையோ கருவிப் பெட்டியையோ நம்பாமல் அந்த இடிபாட்டுக்குள் இறங்குகிறார்.

தொட்டியின் விரிசலை அடைப்பதற்கு அவர் எடுப்பது பால் சாக்லேட். அதை ஒடித்து விரிசலில் வைத்து அழுத்தும்போது, சாக்லேட்டில் உள்ள சுக்ரோசும் லாக்டோசும் அமிலத்தோடு வினைபுரிந்து கரியாகவும் பிசுபிசுப்பான கசடாகவும் மாறும் என்று அவருடைய குரலே பின்னணியில் விளக்குகிறது. அந்த வரியைக் கேட்டதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். ஏனென்றால் அது ஒவ்வோர் ஆண்டும் நான் வகுப்பில் செய்து காட்டிய வினை.

செய்முறையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உயரமான பீக்கரில் பாதிக்கும் குறைவாகச் சர்க்கரையைப் போட்டு, அடர் கந்தக அமிலத்தை ஊற்றிக் கண்ணாடித் தண்டால் ஒருமுறை கலக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட வேண்டும். சிறிது நேரம் எதுவும் நடக்காது. பிறகு வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும், பழுப்பு நொடியில் கறுக்கும். அதன் பின் நீராவியைக் கக்கிக்கொண்டு கரித்தூண் ஒன்று பீக்கரின் விளிம்பைத் தாண்டி எழும்பும். வெல்லப்பாகு அடிப்பிடித்த வாடையும், மூக்கை அரிக்கும் கந்தக நெடியும் சேர்ந்து வரும். அமிலத்துக்கு நீரின் மேல் அவ்வளவு வேட்கை. ஒரு சுக்ரோஸ் மூலக்கூறிலிருந்து பதினொரு நீர் மூலக்கூறுகளை உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது பன்னிரண்டு கார்பன் அணுக்கள் மட்டுமே. இதைப் பல ஆண்டுகள் செய்து காட்டியிருந்தும், அந்தக் கரியை எதற்காவது பயன்படுத்தலாம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அந்த மாலை என்னை உலுக்கியது இதுதான். மெக்கைவருக்கு அந்தக் கணத்தில் சாக்லேட் என்ற பெயர் மறந்துபோகிறது. அதன் குணம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது.

மறுவாரம் பள்ளி ஆய்வகத்தில், புகைபோக்கிக்கு அடியில், ஒரு கண்ணாடித் தட்டில் சில துளி அமிலத்தை விட்டு, பால் சாக்லேட் துண்டு ஒன்றை இடுக்கியால் வைத்துப் பார்த்தேன். சர்க்கரையைப் போலப் பொங்கவில்லை. கொழுப்பு குறுக்கே நிற்பதால் வினை நிதானமாகவே நடக்கிறது என்று நினைக்கிறேன். ஓரங்கள் முதலில் மினுங்கிக் கறுத்தன. பிறகு முழுத் துண்டும் தார் போல ஆனது. தண்டால் தொட்டு இழுத்தபோது நூலாக நீண்டது. அழுத்தத்தோடு பீறிடும் கசிவை அது அடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சிறிய விரிசலில் அது போய் உட்காரும் என்பதை என்னால் நம்ப முடிகிறது. (தகுந்த பாதுகாப்பு இல்லாமல் இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். அடர் அமிலம் தோலிலும் இதே வேலையைத்தான் செய்யும்.)

அதே அத்தியாயத்தில் வரும் சோடியம் காட்சியைப் பற்றி என் கருத்து வேறு. சளி மாத்திரை ஒன்றின் ஜெலட்டின் உறையைக் காலி செய்து, அதற்குள் சோடியம் உலோகத்தை வைத்து, நீருள்ள புட்டிக்குள் போடுகிறார். ஜெலட்டின் கரையும் வரை ஒதுங்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. பிறகு சுவர் பிளக்கிறது. ஜெலட்டினைக் கடிகாரமாக்கிய யோசனை அருமையானது. ஆனால் சுவரைப் பிளக்கும் அளவு சோடியம் அந்தச் சிறு உறையில் அடங்காது. இத்தகைய கதைகளைச் சோதித்துப் பார்க்கும் மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் குழுவினர் 2008இல் இதைச் சோதித்துச் சுவர் அசையவில்லை என்றே காட்டினார்கள். அரிசி மணி அளவு சோடியத்தை நீர்த்தொட்டியில் போட்டால் அது உருகி முத்தாகி, சீறிக்கொண்டு நீரின் மேல் ஓடுவதை மாணவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பெரிய துண்டு ஏன் வெடிக்கிறது என்பதற்கு, ஹைட்ரஜன் தீப்பிடிக்கிறது என்ற விடையைத்தான் நானும் சொல்லிக்கொடுத்தேன். 2015இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவால் படம்பிடித்து, உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் நீருக்குள் பாய்ந்துவிட, எஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளி உலோகத்தை முட்களாகச் சிதறடிப்பதே வெடிப்பின் தொடக்கம் என்று காட்டினார்கள். என் மாணவர்களுக்கு அரைகுறை விடையைச் சொல்லியிருக்கிறேன் என்பது அதைப் படித்தபோதுதான் தெரிந்தது. இன்றும் அது மனத்தை உறுத்துகிறது.

பகிர்வு 2: கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பணிபுரிபவர்

ஐயா, தங்கள் பகிர்வைப் படித்ததும் அந்த அத்தியாயத்தை என் மகனோடு மீண்டும் பார்த்தேன். அவன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். நான் சொல்ல வேண்டியது லேசர் காட்சியைப் பற்றி.

வழியை மறிக்கும் லேசர் கதிர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, மெக்கைவர் சிகரெட் புகையைப் பரவவிடுகிறார், கோடுகள் தெரிகின்றன. “ஒளி கண்ணுக்குத் தெரியாதா அம்மா?” என்று மகன் கேட்டான். நம்மை விட்டு விலகிச் செல்லும் ஒளி நமக்குத் தெரியாது, வழியில் ஏதாவது துகள் அதைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்பினால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, காலையில் சமையலறை ஜன்னல் வழியாக விழும் வெயிலில் தாளிப்புப் புகை எழும்பும்போது வெயில் பட்டையாகத் தெரிவதைக் காட்டினேன். பாடப்புத்தகத்தில் டிண்டால் விளைவு என்று அவன் மனப்பாடம் செய்திருந்தது அதுதான் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த காட்சியில் எனக்கு ஒரு குறை உண்டு. பைனாகுலரிலிருந்து கழற்றிய வில்லையை (லென்ஸ்) கதிரின் குறுக்கே பிடித்து, அதை வந்த வழியே திருப்பி, லேசர் கருவியையே எரித்துவிடுகிறார். வில்லை ஒளியை வளைத்துக் குவிக்கும், திருப்பி அனுப்பாது. சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பில் பட்டுத் திரும்புவது ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி மட்டுமே; எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருந்தால் அதைவிடவும் குறைவு. அவ்வளவு சொற்ப ஒளியால் கருவி எரிந்துபோகாது.

ஆனால் அதே பைனாகுலருக்குள்ளே சரியான விடை இருந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது. பழைய வகை பைனாகுலரின் உடல் தோள்பட்டை போலப் புடைத்திருப்பதற்குக் காரணம், உள்ளே இருக்கும் பட்டகங்கள் (பிரிசம்). இத்தாலியரான இக்னாசியோ போரோ 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை அது. செங்கோண முக்கோணப் பட்டகத்தின் அகன்ற முகத்தில் நுழையும் கதிர், உள்ளே இரண்டு முகங்களில் முழு அக எதிரொளிப்புக்கு (ஒளி வெளியேறாமல் கண்ணாடிக்குள்ளேயே முழுவதும் திரும்புவது) உள்ளாகி, நுழைந்த திசைக்கு நேர் எதிராக வெளியே வரும். வெள்ளிப்பூச்சு கூடத் தேவையில்லை. எழுதியவர்கள் வில்லைக்குப் பதிலாகப் பட்டகம் என்று வைத்திருந்தால், அந்தக் காட்சிக்கு எதிராக என்னால் ஒரு சொல்லும் சொல்ல முடியாது.

பகிர்வு 3: படத்தொகுப்பாளர்

நான் இதைப் பார்த்தது தொழில் கற்பதற்காக. ஒரு தொடரின் முதல் அத்தியாயத்தில் எவையெல்லாம் இன்னும் முடிவாகாமல் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இயக்கியவர் ஜெரால்ட் ஃப்ரீட்மன். ஆனால் திரையில் வரும் பெயர் ஆலன் ஸ்மிதி. தன் படைப்பு தன் கையை மீறிப் போய்விட்டது என்று கருதும் அமெரிக்க இயக்குநர்கள், சங்கத்தின் ஒப்புதலோடு பயன்படுத்திய பொதுப் புனைபெயர் அது. பிற்பாடு மெக்கைவரின் மேலதிகாரியும் நண்பருமான பீட் தார்ன்டனாக ஏழு பருவங்களிலும் நாம் நேசித்த டானா எல்கர், இதில் ஆண்டி கோல்சன் என்ற வேறொரு பாத்திரத்தில் வருகிறார். பிற்பாடு மெக்கைவர் குடியிருக்கும் படகு வீடும் இதில் இல்லை. இங்கே அவர் விண்நோக்ககம் ஒன்றில் குடியிருக்கிறார்.

தொடரை உருவாக்கியவர் லீ டேவிட் ஸ்லாடாஃப். 1992 வரை 139 அத்தியாயங்கள் வந்தன. அத்தனையிலும் மாறாமல் நின்றது நாயகன் தானே பேசிக்கொள்வது போன்ற அந்தப் பின்னணிக் குரல்தான் என்பேன். தொகுப்பு மேசையில் அதன் அருமை தெரியும். கை வேலை செய்யும் காட்சி பேச்சில்லாமல் நீண்டால் பார்ப்பவர் சலிப்பார்; அருகில் ஒருவரை நிறுத்தி விளக்கச் சொன்னால் வகுப்பறையாகிவிடும். குரல் தனியே ஒலிப்பதால் கேமரா கைகளை விட்டு அகல வேண்டியதில்லை. தீயணைப்புக் குழாயின் முனையைக் கட்டி, நீரைத் திறந்துவிட்டு, அது வீங்கும் வேகத்தில் கனமான இரும்பு உத்தரத்தைத் தூக்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

பகிர்வு 4: வேதியியல் ஆசிரியர் மீண்டும்

சகோதரி, தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பூஞ்சை பிடித்துப் பயனற்றுப்போன பழைய பைனாகுலர் ஒன்று பரண்மேல் கிடந்தது. அதன் திருகாணிகளைக் கழற்ற இரண்டு மாலைகள் ஆயின. தாங்கள் சொன்னது போலவே உள்ளே முக்கோணப் பட்டகங்கள் குறுக்கும் நெடுக்குமாக அமர்ந்திருந்தன. ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தேன்.

நேற்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டு, வகுப்பில் பயன்படுத்திய சிறிய சிவப்பு லேசரை மேசையில் புத்தகங்களுக்கு நடுவே கண் மட்டத்துக்குக் கீழே நிறுத்தினேன். சிகரெட்டுக்குப் பதிலாக இரண்டு ஊதுபத்திகளை ஏற்றினேன். புகை பரவியதும் இருட்டில் சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. முதலில் வில்லையைப் பிடித்தேன். கோடு அதனைக் கடந்து எதிர்ச்சுவருக்கே போனது, மங்கலான ஒரு கீற்று மட்டும் எங்கோ சிதறியது. பிறகு பட்டகத்தைப் பிடித்தேன். சென்ற கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு விரல் அகலம் தள்ளி, ஏறத்தாழ அதே பிரகாசத்தில் இன்னொரு கோடு திரும்பி வந்தது. பட்டகத்தை ஒரு வாக்கில் சற்றே திருப்பியபோதும் அந்தக் கோடு திசை மாறவில்லை. மற்ற வாக்கில் சாய்த்தபோது மட்டும் மேலும் கீழும் ஓடியது. மெதுவாகச் சரிசெய்தபோது சிவப்புப் புள்ளி புத்தக அடுக்கின் மேல் ஏறி, லேசரின் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.