கச்சேரிக் கூட்டத்தில் வறுமை ஒழிப்புப் பிரச்சாரம்: உண்டியலா, கையெழுத்தா?

பாம்பன்_வாடை:
ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் திறந்தவெளியில் ஒரு ராக் பேண்ட் கச்சேரி வருது. 6,000 பேர் வருவாங்கன்னு ஏற்பாட்டாளர் கணக்கு. நாங்க கடல்பாசி எடுக்குற பெண்களுக்காகவும் நண்டுக் கம்பெனியில் சதை உரிக்கிற பெண்களுக்காகவும் வேலை பார்க்குற சின்ன அமைப்பு. 24 தன்னார்வலர் இருக்காங்க, நுழைவாயில் பக்கம் ஒரு மேஜை போட இடம் தர்றாங்க. உண்டியல் குலுக்கலாமா, கையெழுத்து வாங்கலாமா? க்யூஆர் கோடு ஒட்டினா போதுமா? எந்த நேரத்துல கூட்டத்துக்குள்ள இறங்கணும்? கைப்பட்டை அடிச்சுக் கொடுக்கலாம்னு ஒரு யோசனையும் ஓடுது.

கச்சான்:
உண்டியல் வேண்டாம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துட்டு வந்தவங்க உண்டியல் சத்தம் கேட்டாலே ஒதுங்கிப் போவாங்க. 1985 ஜூலை 13-ல் நடந்த லைவ் எய்ட் கச்சேரி எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பணம் திரட்டுச்சு. அதே ஆட்கள் 2005 ஜூலை 2-ல் லைவ் 8 கச்சேரிகள் நடத்துனப்ப பணமே கேட்கல. நாலு நாள்ல ஸ்காட்லாந்துல எட்டுப் பெரிய நாட்டுத் தலைவர்கள் கூடுற ஜி8 மாநாடு தொடங்க இருந்துச்சு, அந்தத் தலைவர்களுக்கு நெருக்கடி கொடுக்கப் பெயர்களைத்தான் திரட்டுனாங்க. யு2 ராக் குழுவோட கச்சேரிகள்ல வறுமை ஒழிப்புக்கான 'ஒன்' அமைப்போட தன்னார்வலர்கள் செய்றதும் இதேதான்.

பணம் வாங்கியே ஆகணும்னா கணக்கு, ரசீது, வரிப் பதிவு எல்லாம் முன்கூட்டியே இருக்கணும். 1971-ல் பீட்டில்ஸ் குழுவோட ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் நியூயார்க்கில் வங்கதேசத்துக்காக நடத்துன கச்சேரியோட இசைத்தட்டுப் பணம் வரிச் சிக்கல்ல வருஷக்கணக்கா முடங்குச்சு. வரிவிலக்குக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாததுதான் காரணம்.

கோரிக்கை ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும். "வறுமையை ஒழிப்போம்"னா யாரும் மறுக்க மாட்டாங்க, ஒண்ணும் நடக்கவும் செய்யாது. "பாசி எடுக்குற, நண்டு உரிக்கிற பெண்களை விடுபடாம நல வாரியத்துல சேர்க்க ஊருக்கு ஊர் முகாம் போடுங்க, கலெக்டர் அய்யா" என்கிற அளவுக்கு இறக்குங்க.

மேடைக்கம்பி:
நேரத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். நல்ல நேரம் வாசல் வரிசைதான். கதவு திறக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் திறந்த பிறகு ஒரு மணி நேரமும் ஜனங்க சும்மா நிப்பாங்க. பாட்டு ஓடும்போது போகாதீங்க, காது கேட்காது, எரிச்சல்தான் மிஞ்சும். அடுத்த குழு ஏற டிரம்ஸ், ஆம்ப் மாத்துற இடைவெளி 15, 20 நிமிஷம் கிடைக்கும், அது ரெண்டாவது வாய்ப்பு. முடிஞ்ச பிறகு நிக்குறது வீண். ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாகணும், அதுக்குள்ளயே பாதிப் பேர் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவாங்க.

மேடை அறிவிப்பு 30 விநாடிக்கு மேல போகக் கூடாது. உங்க ஆளைவிடப் பாடகர் சொன்னா கூட்டம் கேட்கும். எழுதின துண்டை முதல் நாளே குழு மேனேஜர்கிட்ட கொடுத்துடுங்க, மேடை ஏறுற நேரத்துல கொடுத்தா பாக்கெட்டுக்குள்ளயே போயிடும்.

காற்றைக் கணக்குல வைங்க. ஃபிளெக்ஸ் கடலோரத்துல பாய் மாதிரி காத்தை வாங்கி மூங்கிலோட சாயும். காடாத் துணியில எழுதி நாலு மூலையும் கட்டுங்க. மேஜைக் காலுக்கு மணல் மூட்டை.

சீட்டுக்கட்டு:
க்யூஆர் மட்டும் நம்பாதீங்க. ஆறாயிரம் போன் ஒரே டவர்ல தொங்கினா பக்கம் திறக்காது. காகிதம் முதல்ல, க்யூஆர் அதே சீட்டோட பின்பக்கம், வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

நீளத்தாள்ல வரிசையா பெயர், போன் நம்பர் வாங்குறதுதான் எல்லாரும் செய்ற கோளாறு. அடுத்து எழுதுறவன் கண்ணுல மேல இருக்குற நம்பர் எல்லாம் படும். பெண் பிள்ளைகள் தயங்குவாங்க, இல்லாட்டி தப்பு நம்பர் எழுதுவாங்க. ஆளுக்கு ஒரு சீட்டு, ஏ4-ஐ நாலா வெட்டினது. எழுதினதும் மூடின பெட்டியில போடட்டும். நம்பர் எதுக்குன்னு சீட்டுலயே ஒரு வரி அச்சடிங்க.

24 பேரை 12 ஜோடியா பிரிங்க, ஒருத்தர் பேச, ஒருத்தர் பரீட்சை அட்டையை நீட்ட. ஒரு ஜோடிக்கு மணிக்கு 25 சீட்டு வந்தாலே நல்ல வேகம். ரெண்டு மணி நேரத்துல 600. அதனால 1,000 சீட்டு அடிச்சா தாராளம். பேனாவை அட்டையோட நூல்ல கட்டுங்க, கட்டாத பேனா திரும்பாது. இருட்டினதும் ஜோடிக்கு ஒண்ணு தலையில மாட்டுற டார்ச்.

பாம்பன்_வாடை:
அருமை. பாசி எடுக்குற அக்காமாரையே மேஜையில உட்கார வைக்கலாமா? அவங்க படம் போட்ட பேனரும் யோசிச்சோம்.

கச்சான்:
உட்கார வைங்க, ஆனா தேதி பாருங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அவங்க பாசிக்குப் போற நாள். அப்பக் கூப்பிட்டா கூலி போகும், அதை நீங்க கொடுக்கணும்.

படத்துல கவனம். மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்கா, வனத்துறைக் கட்டுப்பாட்டுல இருக்கு. தீவு பின்னணியில ஒரு பெண் பாசி எடுக்குற படத்தைப் போட்டா அது அவங்களுக்கே வம்பு. முகம் தெரியாம பாசியும் கையும் மட்டும் போதும்.

மேடைக்கம்பி:
ரப்பர் கைப்பட்டை வேண்டாம். 2005-ல் பிரிட்டன்ல வறுமை ஒழிப்பு இயக்கம் வித்த வெள்ளைப் பட்டையில சிலதைச் செஞ்ச சீனத் தொழிற்சாலையில தொழிலாளர் நிலைமை மோசம்னு செய்தி வந்து பேர் கெட்டுச்சு. நம்ம ஊர்ல பனை ஓலைக்குப் பஞ்சமா? ஓலை நறுக்குல முத்திரை குத்தி ஊக்கு மாட்டுங்க. ஓலையை முதல் நாள் ராத்திரி நனைச்சு வைக்கலைன்னா குத்தும்போதே பிளந்துடும்.

சீட்டுக்கட்டு:
ஒண்ணு விட்டுப்போச்சு. சீட்டை மூட்டையா கொண்டுபோய்க் கொடுக்காதீங்க. எண்ணி, நம்பர் போட்டு, நகல் எடுத்து, மேல ஒரு பக்க மனு வச்சு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்துல கொடுத்து ரசீது வாங்குங்க. அந்த மனு எண்ணை ஒரு வாரத்துக்குள்ள கையெழுத்துப் போட்டவங்களுக்கு எஸ்எம்எஸ்-ல அனுப்பிடுங்க. மாசம் கழிச்சு அனுப்பினா "யாருப்பா நீங்க"ம்பாங்க.