மறு: பேருந்துக் ‘காரிடாருக்கு’ வழித்தடம் என்ற சொல் போதாது

ஐயா, வணக்கம். பல ரூட் பேருந்துகள் சேர்ந்து ஓடுகிற சாலைப் பகுதியை ஆங்கிலத்தில் ‘காரிடார்’ என்கிறார்கள், அதற்குத் தமிழில் தனிச்சொல் வேண்டும் என்று எழுதியிருந்தேன். ‘வழித்தடம் என்று ஒரு நல்ல சொல் புழக்கத்தில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு, இருப்பதைக் குழப்பவா’ என்று நேற்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். நகரச் சாலைகளில் பேருந்துச் சேவையை எப்படி மேம்படுத்துவது என்கிற ஒரு கையேட்டைத் தமிழாக்க உட்கார்ந்தேன், முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். ‘இந்த வழித்தடத்தில் பதினொரு வழித்தடங்கள் ஓடுகின்றன’ என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. ரூட்டுக்கும் வழித்தடம், காரிடாருக்கும் வழித்தடம் என்றால் வேறு எப்படி வரும்?

சென்னை மெட்ரோவில் 3-வது வழித்தடம், 4-வது வழித்தடம் என்று எழுதுகிறார்களே என்பீர்கள். அங்கே சிக்கல் இல்லை, தண்டவாளமும் அதன்மேல் ஓடுகிற வண்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். பேருந்துக்கு அப்படியில்லை. காரைக்குடியிலிருந்து வடக்கே போகிற வண்டிகளைப் பாருங்கள். கோட்டையூர் வரை ஒரே ரோடு, அப்புறம் சிலது பள்ளத்தூர் பக்கம் திரும்பும், சிலது புதுவயல் பக்கம் போகும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெர்மிட், தனி நேரம், தனி முதலாளி. ஆனால் கோட்டையூரில் இறங்க வேண்டிய ஆச்சிக்கு இதெல்லாம் எதற்கு? வருகிற எந்த வண்டியும் அவருக்குச் சரி. அவர் நிற்பது ஒரு ரூட்டுக்காக அல்ல, அந்த ரோட்டுக்காக. அதற்குத்தான் பெயர் இல்லை என்கிறேன்.

பெயர் இல்லாததால் கணக்கும் தப்பாகிறது. நாலு ரூட், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குப் பன்னிரண்டு வண்டி. பொதுவான ரோட்டில் சீராக விட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று கிடைக்க வேண்டும், பெரிய நகரத்துக்காரர்களே பொறாமைப்படுகிற சேவை! ஆனால் நடப்பது என்ன? நாலு வண்டியும் பஸ் ஸ்டாண்டை விட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, டைமிங் சண்டை போட்டுக்கொண்டு ஒன்றையொன்று முந்தி, நிறுத்தத்தில் கும்பலாக வந்து நிற்கும். அடுத்த பதினைந்து நிமிடம் ரோட்டில் ஈ காக்கை இருக்காது. டைம் கீப்பரிடம் ஒவ்வொரு ரூட்டையும் தனித்தனியே கேட்டால் எல்லாம் நேரப்படிதான் ஓடுகிறது என்பார், அது உண்மையும்கூட. புதிதாக ஒரு வண்டிகூட வாங்காமல் கிளம்பும் நேரத்தை மாற்றினாலே பாதி வேலை முடியும். ஆனால் அந்த நேரங்களை ரூட் ரூட்டாக அல்ல, ரோட்டை வைத்துப் பார்க்க வேண்டும். இதை வழித்தடம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், நாக்கு முறுக்கிக்கொள்ளும்.

சரி, என்ன சொல் வைப்பது? காரிடார் என்றால் கட்டடத்துக்குள் நடக்கிற வழியும்தான், அதனால் வீட்டுச் சொற்களே முதலில் வந்தன. மதுரை நண்பர் சொன்ன ‘தாழ்வாரம்’ மழைக்கு ஒதுங்கத்தான் தோதானது. ‘இடைகழி’ அழகான பழஞ்சொல், ரேழி என்று தேய்ந்ததே அதுதான், ஆனால் ஆழ்வார்கள் மூவர் நெருக்கிக்கொண்டு நின்ற இடம் என்றுதான் எனக்கு ஞாபகம் வருகிறது (நம் டவுன் பஸ்ஸுக்கு அதுவும் பொருத்தம்தான்). ‘நடை’ ஆகவே ஆகாது. பஸ்காரர்களுக்கு நடை என்றால் டிரிப், ‘இந்த வண்டிக்கு ஒரு நாளைக்கு ஆறு நடை’ என்பார்கள்.

எனக்கு ஆசை ‘பத்தி’ மேல்தான் இருந்தது. எங்கள் செட்டிநாட்டுப் பக்க வீடுகளில் வளவை (நடுமுற்றத்தை)ச் சுற்றித் தூண் வரிசையோடு ஓடுகிற இடம் அது. கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, தனிக்குடித்தனம் வைத்துவிட்டால் அடுப்பும் தனி, ஆனால் எல்லாக் கதவும் ஒரே பத்தியில்தான் திறக்கும். தனித்தனிப் பெர்மிட், பொதுவான ரோடு என்பதற்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது. ஆனால் ‘பேருந்துப் பத்தி’ என்று எழுதினால் பேருந்தைப் பற்றிய கட்டுரைப் பகுதி என்றுதான் நினைப்பார்கள். மனசில்லாமல் விட்டேன்.

அம்மா ஒருவர் ‘பேருந்துத் தனிவழி’ என்றிருந்தார். அது வேறு. தனிவழி என்பது பேருந்து மட்டும் போக ஒதுக்கிய பாதை, காரிடாரில் செய்யக்கூடிய வைத்தியங்களில் ஒன்று, காரிடாரே அல்ல. இந்தக் குழப்பத்துக்கு டெல்லியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2008-ல் அங்கே சாலை நடுவே ஒதுக்கிய 5.8 கிலோமீட்டர் தனிவழியையே எல்லோரும் காரிடார் என்றார்கள், கார்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள், 2016-ல் பெயர்த்தும் விட்டார்கள். 2009-ல் தொடங்கிய அகமதாபாத்தின் ‘ஜன்மார்க்’ என்கிற தனிவழிப் பேருந்துச் சேவையோ ஓடிக்கொண்டிருக்கிறது. மக்கள் வழி என்று பொருள், பெயரை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: ரூட்டுக்கு வழித்தடம் அப்படியே இருக்கட்டும், பல வழித்தடங்கள் சேர்ந்து ஓடுகிற சாலைப் பகுதிக்குக் கூட்டுத்தடம். ‘இந்தக் கூட்டுத்தடத்தில் பதினொரு வழித்தடங்கள்’, வாக்கியம் நேராகிவிட்டது. கூட்ரோடு என்றால் சாலைகள் சந்திக்கிற இடமாயிற்றே, குழம்பாதா என்ற ஆட்சேபம் வரும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. போன வாரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடமே கேட்டேன், கூட்டுத்தடம்னா என்னண்ணே புரியுது என்று. சில்லறை எண்ணிக்கொண்டே, ‘எல்லா வண்டியும் சேர்ந்து போற ரோடா?’ என்றார். எனக்கு அது போதும்.

இன்னொன்று, சின்னது. கையேட்டில் ஏறுவதற்கான வசதி பற்றி நீளமாக வருகிறது. ‘தாழ்தளப் பேருந்து’ நன்றாக ஊன்றிவிட்டது, தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர்தான். நிறுத்தத்தில் நடைமேடை 150 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் மிச்சம் 250, முட்டிவலிக்காரர்களுக்கு அதுவும் ஒரு படிதான். அதனால் சில இடங்களில் வண்டித் தளத்தின் மட்டத்துக்கே மேடையை உயர்த்திக் கட்டுகிறார்கள். இதற்கு ‘ஏறுதிண்ணை’ என்று வைக்கலாமா? வழிப்போக்கர் உட்காரத் திண்ணை கட்டிய ஊர்க்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பாசம் இருக்கலாம், பொருந்தாவிட்டால் தயங்காமல் வெட்டுங்கள்.

கையேட்டை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். அதற்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன், வராவிட்டால் கூட்டுத்தடம்தான் அச்சுக்குப் போகும்.