ரெட்ரோபையில சவுண்ட் கரகரக்குது, கேம் மந்தமா ஓடுது: லேட்டன்ஸி ஏத்தியும் சரிவரல்ல

மஸ்கெலியா_ஜாய்ஸ்டிக்:
ராஸ்பெரி பை 3 பி (குட்டி கம்ப்யூட்டர்), அதுல பழைய கேம் ஓட்டுற ரெட்ரோபை, 32 இஞ்சி டிவிக்கு எச்டிஎம்ஐ. எஃப்பிநியோ எமுலேட்டர்ல மெட்டல் ஸ்லக் கேம் ஓடுறப்போ சவுண்ட் விட்டு விட்டு கரகரக்குது, ஆட்டமும் மந்தம். ஆடியோ லேட்டன்ஸிய (சவுண்ட முன்கூட்டியே சேர்த்து வைக்கிற நேரம்) 64 மில்லிசெகண்ட்ல இருந்து 200க்கு ஏத்தினேன், ஒரு வித்தியாசமும் இல்ல. பின்னேரம் லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்) எல்லா வீட்டுலயும் லைட் போட்டதும் இன்னும் மோசம். மேம் 2003ங்கிற இன்னொரு எமுலேட்டர்ல ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஓடுது, ஆனா பாதிச் சத்தம் இல்ல. பை 4 வாங்கணுமா?

தேயிலை_பிட்:
வாங்க வேணாம் தம்பி, மெட்டல் ஸ்லக்குக்கு பை 3 தாராளம். லேட்டன்ஸிய திரும்ப 64ல வைங்க.

ரெட்ரோஆர்ச்ல (ரெட்ரோபைக்குள்ள இந்த எமுலேட்டர்கள ஓட்டுற புரோகிராம்) ஃபிரேம்ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை படம்னு காட்டுறத ஒன் பண்ணிட்டு ஆடிப் பாருங்க. நம்பர் 50லயே ஒட்டிக்கிட்டு நின்னா குற்றவாளி டிவி. 40, 57ன்னு குதிச்சா பைக்கு வலு போதல்ல.

நம்ம பக்கம் பால்ங்கிற 50 ஹேர்ட்ஸ் டிவி ஒளிபரப்பு சிஸ்டம்ங்கிறதால சில டிவி 50 ஹேர்ட்ஸ்தான் வேணும்னு பைகிட்ட சொல்லும். வீட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸுங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மெட்டல் ஸ்லக்கோட ஒரிஜினல் மெஷின் நியோ ஜியோ ஓடுறது 59.19ல. ரெட்ரோஆர்ச் டிவிய 60ன்னு நம்பிக்கிட்டு இருக்கும், கேம் படத்த டிவி வேகத்தோட பூட்டுற வீசிங்க் 50ல பிடிச்சு நிறுத்தும். வேகம் 84 சதவீதமாகுது. சவுண்ட் கார்டு செகண்டுக்கு 48,000 சாம்பிள் கேட்கும், கேம் 40,500 சொச்சம்தான் குடுக்கும். சவுண்ட் வேகத்த லேசா கூட்டிக் குறைக்கிற டைனமிக் ரேட் கன்ட்ரோல் சரிக்கட்டுறது 0.005, அதாவது அரை வீதம். ஓட்டை வாளிய பெருசாக்கின மாதிரிதான் லேட்டன்ஸி ஏத்துறது. கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு அதே கதை.

டெர்மினல்ல டிவிசர்விஸ் -எஸ் அடிங்க, இப்ப டிவி எந்த மோட்ல ஓடுதுன்னு காட்டும். 50 ஹேர்ட்ஸ்னு வந்தா பூட் பார்ட்டிஷன்ல உள்ள கொன்ஃபிக் ஃபைல்ல எச்டிஎம்ஐ_குரூப்=1, எச்டிஎம்ஐ_மோட்=4 போட்டு ரீபூட் பண்ணுங்க. அது 720பி 60. 1080பி 60 வேணும்னா 16. 19, 31 ரெண்டும் 50 ஹேர்ட்ஸ், அந்தப் பக்கமே போக வேணாம். மோட மாத்தினதும் சத்தமே நின்னுட்டா எச்டிஎம்ஐ_டிரைவ்=2 சேருங்க.

இதெல்லாம் பை 3ல வர்ற பழைய டிஸ்பிளே டிரைவருக்கு. புது கேஎம்எஸ் டிரைவர் இந்த வரிகள கண்டுக்காது.

பனிமூட்டம்:
பின்னேரம் மோசமாகுதுன்னா ரெண்டாவது பிரச்சினையும் இருக்கு. போன் சார்ஜர்ல ஓட்டுறீங்களா? பை 3க்கு 5.1 வோல்ட், 2.5 அம்பியர் வேணும். நல்ல அடாப்டர் 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், மலிவு சார்ஜர் லைன்ல வோல்டேஜ் இறங்கினதும் கையை விரிச்சிடும். மெல்லிசான நீட்டு கேபிளும் வோல்டேஜ தின்னும். 4.63 வோல்டுக்குக் கீழ போனா ஸ்கிரீன்ல மின்னல் குறி வரும், சிபியு 1200 மெகாஹேர்ட்ஸ்ல இருந்து 600க்கு இறங்கும்.

சவுண்ட் கரகரக்கிற நேரத்துலயே விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட் அடிங்க. 0எக்ஸ்0 வந்தா சுத்தம். 0எக்ஸ்50005 வந்தா இப்பவே வோல்டேஜ் பத்தல்ல. 0எக்ஸ்50000னா பூட் ஆனதுக்குப் பிறகு எப்பவோ நடந்திருக்கு. குளிர் ஊருன்னு கேஸ இறுக்கி மூடி வைக்காதீங்க, 80 பாகை தாண்டினாலும் வேகம் குறையும்.

ரெட்ரோஆர்ச்ல ரன்-அஹெட், ரீவைண்ட் ரெண்டும் பைக்கு வேலைய கூட்டும், ஓஃப் பண்ணுங்க. படத்துக்குப் பழைய டிவி தோற்றம் குடுக்கிற ஷேடர் கட்டாயம் வேணும்னா சிஆர்டி-பை மட்டும்.

தேயிலை_பிட்:
ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வேற கதை. ஒரிஜினல் போர்டுல நிறைய சத்தம் அனலொக் சர்க்கிட்ல இருந்து வந்தது, ரோம்ல (கேம் ஃபைல்) இல்ல. மேம் 2003 அத பதிவு செஞ்ச சாம்பிளா எதிர்பார்க்குது. மேம் 0.78 வெர்ஷன் செட்டுக்குரிய இன்வேடர்ஸ் சாம்பிள் ஸிப்ப பயோஸ் > மேம்2003 > சாம்பிள்ஸ் ஃபோல்டருக்குள்ள போடுங்க, பிரிக்க வேணாம். ரோம் ஸிப்புக்கும் அதே பேர்தான், ஒண்ணுக்கு மேல ஒண்ணு எழுதிடாதீங்க.

மஸ்கெலியா_ஜாய்ஸ்டிக்:
அண்ணே, டிவிசர்விஸ்ல மோட் 19ன்னு வந்தது. 4 போட்டதும் மெட்டல் ஸ்லக் சுத்தமா ஓடுது. மோர்ட்டல் கொம்பாட்ல சவுண்ட் சரி, ஆனா ஸ்க்ரோல் ஆகுறப்போ படம் திக்கித் திக்கி நகருது. அதுக்கும் வரி இருக்கா?

தேயிலை_பிட்:
அந்த போர்டே 54.7 ஹேர்ட்ஸ். 60க்கும் அதுக்கும் இடைவெளி 5 வீதத்துக்கு மேல, அதனால ரெட்ரோஆர்ச் வேகத்த இழுத்துப் பொருத்தாது, சில ஃபிரேம் ரெண்டு தடவை வந்து படம் திக்கும். எவ்வளவு இடைவெளி வரைக்கும் பொருத்தலாம்னு சொல்ற டைமிங் ஸ்கியூவ கூட்டினா திக்காது, ஆனா ஆட்டம் கிட்டத்தட்ட 10 வீதம் வேகமா ஓடும், சவுண்டும் கீச்சிடும். அப்படியே விடுறதுதான் நல்லம். சார்ஜர மட்டும் மாத்துங்க.