மோட்டார்ஹோம் பேட்டரி: நான்கு மாதம் குளிரில் விட்டுவிட்டு ஊருக்குப் போகலாமா?

எட்மன்டன் புதுவரவு, சனி காலை:
எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரலில்தான் கோயம்புத்தூரிலிருந்து கனடாவின் எட்மன்டனுக்கு வந்தோம். கோடையில் கணவரோடு வேலை பார்ப்பவர் தன்னுடைய பழைய மோட்டார்ஹோமை (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வண்டி) விற்றார், வாங்கிவிட்டோம். ஜாஸ்பருக்கு மூன்று தடவை போய்வந்தது அதில்தான். இப்போது அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. புதன்கிழமை ராத்திரி எல்லோருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. கணவர் ஃபோர்ட் மெக்மரியில் வேலை, செவ்வாய் இரவுதான் வருவார். வண்டி ஊருக்கு வெளியே ஒரு யார்டில் மாத வாடகைக்கு நிற்கிறது. நேற்றுப் போய்ச் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. திரும்பி வர மார்ச் ஆகிவிடும். அதற்குள் பேட்டரி செத்துவிடுமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ அண்ணை:
தங்கச்சி, முதலில் அப்பாவைப் போய்ப் பாருங்கோ. நான் 1990 மார்கழியில் மொன்றியலில் வந்து இறங்கினேன். அடுத்த மாரிக் குளிருக்கு ஒரு பழைய கார் வாங்கினேன். இரவு உணவக வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்கு வந்து, பற்றரியைக் கழற்றி, துவாயில் சுற்றி, மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். காலையில் திரும்பக் கொண்டுவந்து பூட்டினால்தான் கார் உயிர் பெறும். கையுறையைக் கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாரி முழுக்க அப்படித்தான் வேலைக்குப் போனேன். நீங்களும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கோ. சீமெந்துத் தரையில் மட்டும் வைக்காதேங்கோ, தரை சார்ஜை உறிஞ்சிவிடும். பலகை போட்டு வையுங்கோ.

மெல்பர்ன்காரர்:
அண்ணா சொன்ன தரை விஷயம் பழைய காலத்துப் பேட்டரிக்குச் சரி. இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக் கூடு, தரையில் வைத்தால் ஒன்றும் ஆகாது. கழற்றவே வேண்டாம். மேலே ஒரு சின்ன சோலார் பேனல், நடுவில் சார்ஜ் அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். நான் ஒவ்வொரு வருடமும் மூன்று மாதம் திருச்சி போகிறேன், எங்கள் கேரவன் பேட்டரி ஆறாவது வருடமாக ஓடுகிறது. வெயில்தான் பேட்டரிக்கு எமன், குளிர் இல்லை.

வினிப்பெக் வாசி:
எட்மன்டனில் டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம்தான். பேனல் மேல் பனி ஓர் அடி ஏறி நிற்கும். சோலாரை நம்பிப் போகாதீர்கள். ஸ்மார்ட் சார்ஜரை மாட்டி பிளக்கில் விட்டுவிடுங்கள், அது நிரம்பினால் தானே குறைத்துக்கொள்ளும். சாதாரண டிரிக்கிள் சார்ஜர் வேண்டாம், நிற்கத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வற்றிவிடும்.

மிசிசாகா அக்கா:
பேட்டரியை விடும்மா, வண்டியின் தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் இருக்க பிங்க் ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஓடவிட்டாயா? முதல் வருடம் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வசந்தத்தில் திறந்தால் சிங்க் அடியில் குழாய் வெடித்திருந்தது. இன்ஜினுக்கு ஊற்றுவதைக் குழாயில் ஊற்றிவிடாதே, அது விஷம். வீட்டு வாசலில் பனி அள்ளவும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. அள்ளாமல் கிடந்தால் அபராதச் சீட்டு வரும்.

கல்கரி, இரண்டாவது குளிர்காலம்:
பனி அள்ளுவதைச் சொன்னதும் நினைவு வருகிறது. பேஸ்மென்ட் வாடகை, கார் இன்ஷூரன்ஸ், இப்போது யார்டு வாடகை. சம்பளம் வந்த பத்தாம் நாள் கணக்கில் ஒன்றும் இல்லை. சென்னையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன், இங்கே உள்ளூர் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். நவம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, பேச ஆள் இல்லை. மன்னிக்கவும், இதை எங்கே சொல்வது என்று தெரியவில்லை.

ஸ்கார்பரோ அண்ணை:
தம்பி, எங்களுக்கு அப்போது தொலைபேசி அட்டை வாங்கக்கூடக் காசு இல்லை. மூன்றாவது மாரியோடு பழகிவிடும். இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கோ, சோறும் மீன்குழம்பும் இருக்கும்.

எட்மன்டன் புதுவரவு:
எல்லோருக்கும் நன்றி. யார்டில் பிளக் கிடையாது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். குழாய்க்கு பிங்க் ஊற்றியாயிற்று அக்கா. இன்னொன்று, முன்பக்கம் ஒரு பேட்டரி, படிக்கட்டுக்குக் கீழே இரண்டு பேட்டரி இருக்கிறது. அந்த இரண்டின் முனையிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. எங்கள் பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கே வைத்து சார்ஜ் போடட்டுமா?

ரெட் டீர், வண்டி மெக்கானிக்:
ஃபர்னஸ் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. வீட்டு உரிமையாளரிடம் கேட்டு கராஜில் போடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். முன்னால் இருப்பது இன்ஜினை எழுப்ப, பின்னால் இருக்கும் இரண்டும் வீட்டுப் பகுதிக்கு. மூன்றையும் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவற்றில் மேலே மூன்று மூன்று மூடி இருந்தால் அவை 6 வோல்ட் பேட்டரிகள், இரண்டும் சேர்ந்துதான் 12. ஒன்று முப்பது கிலோவுக்குப் பக்கம் வரும், தனியாகத் தூக்காதீர்கள். மேலே லித்தியம் என்று எழுதியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அதன் கதை வேறு. பூஜ்ஜியத்துக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது, பாதி சார்ஜில் வைத்தால் போதும். ஆனால் பூத்திருக்கிறது என்கிறீர்கள், அநேகமாக ஈயமும் அமிலமும் உள்ள சாதாரண லெட் ஆசிட் பேட்டரிதான்.

குளிரா வெயிலா என்று மேலே ஒரு வாதம் நடக்கிறது. வெயிலில் சார்ஜ் தானே சீக்கிரம் இறங்கும், அது உண்மை. குளிரில் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50 வரைக்கும் உறையாது. காலியானது மைனஸ் 7, 8 என்றாலே உறைந்து கூடு விரிந்துவிடும். உங்கள் ஊரில் ஜனவரியில் மைனஸ் 30 வரும். அதனால் வேலை ஒன்றுதான்: நிரப்புங்கள், பிறகு இணைப்பை எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் நான்கு மாதம் அந்த யார்டிலேயே பிளக் இல்லாமல் இருக்கும்.

இணைப்பை எடுக்காமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. விளக்கை அணைத்தாலும் கேஸ் கசிவு அலாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது 100 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவை இந்த அலகில்தான் சொல்வார்கள்). 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி மூன்று வாரத்தில் போய்விடும். வாசலில் இருக்கும் டிஸ்கனெக்ட் சுவிட்சையும் நம்ப வேண்டாம், பல வண்டிகளில் அது எல்லாவற்றையும் வெட்டாது.

இன்றைக்கே வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டரும் 10 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜரும் வாங்குங்கள். கழற்றும் முன் எந்த வயர் எங்கே என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டுப் பொறி பறக்கும். பூத்திருப்பதைச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துப் போய்விடும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கரைசல் மூடிக்குள் போகக் கூடாது. கராஜில் 6 வோல்ட் இரண்டையும் பழையபடி சேர்த்து இணைத்துத்தான் 12 வோல்ட் சார்ஜரை மாட்ட வேண்டும். காலியாக இருந்தால் நிரம்ப ஒரு நாளுக்கு மேலேயே ஆகும், அதனால்தான் இன்றைக்கே என்கிறேன். கூடு உப்பியிருந்தாலோ உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ சார்ஜ் போடாதீர்கள், வெடிக்கும். சார்ஜ் நிரம்பிய பிறகு மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது.

சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்.

எட்மன்டன் புதுவரவு, திங்கள் இரவு:
மேலே மூன்று மூன்று மூடிதான். சனிக்கிழமை அளந்தபோது முன்னால் இருப்பது 12.1, பின்னால் சேர்த்து 11.9. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் தன் பிக்கப்பில் மூன்றையும் ஏற்றிக்கொண்டுவந்து தந்தார். பின்னால் இருப்பவை நிரம்ப இன்று மதியம் வரை ஆனது. இப்போது முன்னால் 12.7, பின்னால் 12.65. வீட்டு உரிமையாளர் கராஜிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பலகை மேல்தான் வைத்திருக்கிறேன் அண்ணை.

ரெட் டீர், வண்டி மெக்கானிக்:
நன்றாகச் செய்திருக்கிறீர்கள். மார்ச்சில் மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். அப்பாவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும்.